சத்தம் கலரை மாத்தாது சார், பொறுக்கி எடுக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல அறிவியல் பக்கத்துல மைக்ராஸ்கோப் பத்தி அரைப்பக்கத்துக்கு ஒண்ணு வந்துது. "சத்தம் போட்டால் நிறம் மாறும் அதிசயக் கண்ணாடி"ன்னு தலைப்பு. கூடவே ஒரு படம், மைக்ராஸ்கோப்புக்குப் பக்கத்துல ஒரு ஸ்பீக்கர் பொட்டி, அதுலேர்ந்து வளைவு வளைவா கோடு வருது, அந்தாண்ட வானவில்லு. நான் கல்மண்டபம் பக்கத்துல டீக்கடையில நின்னு படிச்சிட்டிருந்தேன், பக்கத்துல இருந்தவரு எட்டிப் பாத்துட்டு "இன்னாபா, சவுண்டு வுட்டா லைட்டு கலர் மாறுதாமே, கல்யாண வீட்டு டிஜே லைட்டு மாதிரியா"ன்னாரு. சிரிச்சிட்டு வந்துட்டேன். வீட்டுக்கு வந்தா கீழ் போர்ஷன்ல பிளஸ் டூ படிக்கிற பொண்ணு அதே பக்கத்த வெட்டி நோட்டுல ஒட்டி வச்சிருக்கு, "தாத்தா, நீங்க இந்த மிஷின்லாம் ரிப்பேர் பண்ணிருக்கீங்கல்ல, எந்தப் பாட்டு போட்டா ப்ளூ வரும்"னு கேக்குது. அப்போ சிரிப்பு வரல. அதான் எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும், எடம் இல்லன்னா முன்ன பின்ன வெட்டிக்கோங்க, நடுவுல இருக்கறத மட்டும் வெட்டாதீங்க.

நான் 28 வருஷம் மைக்ராஸ்கோப் சர்வீஸ் பண்ணவன். ஆரம்பத்துல லென்ஸ்ல ஃபங்கஸ் புடிச்சா துடைக்கிற வேலைதான், நம்ம பக்கம் கடல் காத்துக்கு ஃபங்கஸ் கேக்கவா வேணும், அப்புறம் கடைசி 12 வருஷம் கன்ஃபோகல்னு சொல்ற லேசர் மைக்ராஸ்கோப். படிப்பு டிப்ளமாதான், பெரிய ஃபிசிக்ஸ் கணக்கெல்லாம் எனக்கு வராது. ஆனா நீங்க எழுதுன அந்தச் சாமான் இருக்குல்ல, ஏஓடிஎஃப்னு நாங்க சொல்லுவோம், சத்தத்த வச்சு கலரப் பிரிக்கற ஃபில்டர், அந்த டப்பாவ கையில புடிச்சு வேல பாத்திருக்கேன்.

மொதல்ல தலைப்ப எடுத்துக்கலாம். சத்தம் வெளிச்சத்தோட கலர மாத்தறதில்ல. உள்ள வர்ற வெளிச்சத்துல ஏற்கெனவே இருக்கற கலர்ல எது வேணுமோ அத மட்டும் பொறுக்கி தனி வழியில அனுப்புது, அவ்ளோதான். காசிமேட்டுல விடியக்காலம் படகு வந்து மீனக் கொட்டுனதும் வஞ்சிரம் தனி, சங்கரா தனி, நெத்திலி தனின்னு அந்த அம்மாங்க கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள பிரிச்சுப் போடுவாங்கல்ல, அந்த மாதிரி. கொட்டுன மீன்ல வவ்வாலே இல்லன்னா எந்தக் கெட்டிக்காரி உக்காந்து பிரிச்சாலும் வவ்வாலு வராது. ஒவ்வொரு கலருக்கும் அலைநீளம்னு ஒரு நம்பர் உண்டு, நானோமீட்டர்ல சொல்லுவோம். லேசர்ல 561 நானோமீட்டர் கலர் இல்லன்னா நீங்க என்ன ஃப்ரீக்வென்சி, அதாவது செகண்டுக்கு எத்தன அதிர்வு, குடுத்தாலும் 561 வராது, தலகீழா நின்னாலும் வராது.

கறாரா பேசுற ஆளுங்க ஒண்ணு கெளப்புவாங்க, அதையும் சொல்லிடுறேன். சத்தத்துமேல பட்டு திரும்புற வெளிச்சத்தோட அதிர்வு, அந்தச் சத்தத்தோட அதிர்வு எவ்வளவோ அவ்வளவுக்கு நகரத்தான் செய்யும். ஆனா பச்சை வெளிச்சம்னா செகண்டுக்கு சுமார் 600 லட்சம் கோடி தடவ அதிருது, இந்தச் சத்தம் 10 கோடி தடவ. கணக்குப் போட்டா 60 லட்சத்துல ஒரு பங்கு. இத கலர் மாறிடுச்சுன்னு சொன்னா, என் தலையில ஒரு முடி நரச்சதுக்கு ஆளே மாறிட்டேன்னு சொல்ற கதைதான்.

இது ஏன் வேணும்னு உங்க கட்டுரையில ரெண்டே வரியில தாண்டிட்டீங்க. செல்லுங்கறது மைக்ராஸ்கோப்புல சும்மா பாத்தா கஞ்சித் தண்ணி மாதிரி இருக்கும், எது எங்க இருக்குன்னு தெரியாது. அதனால சாயம் போடுவாங்க. ஒவ்வொரு சாயமும் ஒரு கலர் வெளிச்சத்த முழுங்கிட்டு வேற கலர்ல மின்னும். சொறிமீன்லேர்ந்து கண்டுபிடிச்ச ஜிஎஃப்பின்னு ஒரு பச்சைப் புரதம், 2008ல அதுக்கு கெமிஸ்ட்ரி நோபல் குடுத்தாங்க, அதுல இப்போ லேப்ல பொழங்குறதுக்கு 488 நானோமீட்டர் நீலத்தக் குடுத்தா 510 கிட்ட பச்சையா மின்னும். செல்லோட நடுவுல இருக்கற நியூக்ளியஸுக்குப் போடற டாப்பிங்கற சாயத்துக்கு 405 லேசர் குடுத்தா நீலமா மின்னும். ஒரே செல்லுல மூணு நாலு சாயம் போட்டிருப்பாங்க, ஒவ்வொண்ணுக்கும் அதுக்கான வெளிச்சம் மட்டும்தான் போவணும். கலந்து போச்சுன்னா எது எதோட மின்னல்னு யாருக்கும் தெரியாது, அந்த ரிசல்ட்ட குப்பையில போட வேண்டியதுதான்.

முன்னாடி இதுக்கு ஃபில்டர் வீல்தான். வட்டமா ஒரு தட்டு, அதுல ஆறு ஓட்டை, ஓட்டைக்கு ஒரு கலர் கண்ணாடி, மோட்டார் சுத்தி விடும். டக் டக்குன்னு சத்தம் கேட்டுட்டே இருக்கும், ராத்திரி லேப்ல தனியா வேல பாத்தா அதுதான் தொணை. ஒரு கண்ணாடிலேர்ந்து அடுத்ததுக்குப் போக பத்து மில்லிசெகண்டு கணக்குல ஆவும், மோட்டார் ஆட்டத்துல ஃபோட்டோவும் லேசா ஆடும், அதவிட பெரிய தொல்ல, ஆறு கண்ணாடி வச்சா ஆறு கலர்தான், ஏழாவது வேணும்னா கழட்டி மாட்டணும்.

இப்போ அந்த டப்பாவுக்கு வர்றேன். மூணு தீப்பெட்டிய சேத்து வச்ச மாதிரி அலுமினியத்துல இருக்கும், வெளிச்சம் உள்ள போக ஒரு பக்கம் ஓட்டை, வெளிய வர ஒரு பக்கம் ஓட்டை, கேபிள் மாட்ட சின்னதா ஒரு கனெக்டர். பாத்தா ஒண்ணுமே இல்ல. உள்ள டெல்லூரியம் டையாக்சைடு கிறிஸ்டல், தண்ணி மாதிரி தெளிவா, கீழ விட்டா போச்சு. கிறிஸ்டலோட ஒரு பக்கத்துல மெல்லிசா ஒரு தகடு ஒட்டியிருக்கும், லித்தியம் நையோபேட், அதுக்கு கரண்டு குடுத்தா அதிரும். எதிர்ப்பக்கம் சத்தத்த உறிஞ்சிக்கற மாதிரி ஒரு பட்டை, இல்லன்னா சத்தம் சுவத்துல முட்டித் திரும்பி வந்து கலாட்டா பண்ணும். ஸ்பீக்கர் எங்கயும் கெடையாது சார். உங்க படத்துல வர்ற மாதிரி காத்து வழியா சத்தம் போற கதையே இல்ல, எல்லாம் அந்தக் கல்லுக்குள்ளயே நடக்குது.

கரண்டு குடுத்தா அதிர்ற தகடு ஒண்ணும் நம்ம பக்கத்துக்குப் புதுசு இல்ல. காசிமேடு போட்டுல மீன் எங்க கெடக்குன்னு பாக்கற எக்கோ சவுண்டர் இருக்குல்ல, அதுக்கு அடியில இருக்கறதும் இதே வகைதான். அது தண்ணிக்குள்ள 50 கிலோஹெர்ட்ஸ், 200 கிலோஹெர்ட்ஸ்னு சத்தம் விடும், அதுவே நம்ம காதுக்குக் கேக்காது, நமக்கு 20 கிலோஹெர்ட்ஸோட கதை முடிஞ்சிடும். கிறிஸ்டலுக்குள்ள போறது அதவிட பல நூறு மடங்கு, 100 மெகாஹெர்ட்ஸ் கிட்ட, மேல சொன்ன செகண்டுக்கு 10 கோடி அதுதான். நம்ம எஃப்எம் ஸ்டேஷன் எல்லாம் 88லேர்ந்து 108 மெகாஹெர்ட்ஸ்குள்ளதான இருக்கு, ஏறக்குறைய அந்த எடம். உங்க கட்டுரையில ஒரு எடத்துல ஒலி அலைன்னும் இன்னொரு எடத்துல ரேடியோ அலைன்னும் போட்டு குழப்பினது இதனாலதான்னு நெனைக்கிறேன். கேபிள்ல வர்றது ரேடியோ ஃப்ரீக்வென்சி கரண்டு, தகட்டத் தாண்டி கல்லுக்குள்ள போறப்ப அது சத்தம், அதாவது கல்லே அசையற அலை. ரெண்டும் வேற.

அந்த அலை போறப்ப கல்லுல அடுத்தடுத்து குறுக்கால ஒரு பக்கம் சரிஞ்ச எடம், எதிர்ப்பக்கம் சரிஞ்ச எடம்னு வரிவரியா உண்டாவுது. வெளிச்சத்துக்கு அந்த வரி ஒவ்வொண்ணும் கொஞ்சம் வேற மாதிரி கண்ணாடி. வரிக்கு வரி எவ்வளவு தூரம்னு பாருங்க, இந்தக் கல்லுல அந்த அலை போற வேகம் செகண்டுக்கு 616 மீட்டர், 100 மெகாஹெர்ட்ஸ்னா 6 மைக்ரான் சொச்சம், மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு. நம்ம ரத்தத்துல இருக்கற செவப்பணு 7, 8 மைக்ரான், கிட்டத்தட்ட அந்த அளவு. யோசிச்சுப் பாத்தா எனக்கு இன்னைக்கும் ஆச்சரியம்தான், காத்துல சத்தம் 340 மீட்டர் போவுது, இரும்புல கிட்டத்தட்ட 6 கிலோமீட்டர் போவுது, இந்தக் கல்லு எவ்வளவு கெட்டி, அதுல 616தான். அதே கல்லுல வேற திசையில, வேற மாதிரி அதிர விட்டா 4,200 மீட்டர் போவும். மெதுவா போற திசையா பாத்து வெட்டியிருக்காங்க, மெதுவா போனாதான் வெளிச்சத்து மேல பிடிப்பு அதிகம், கொஞ்சம் பவர்லயே வேல முடியும்.

சரி, ஒரு கலர மட்டும் எப்படி எடுக்குது. இந்தக் கல்லுக்குள்ள வெளிச்சம் ரெண்டு லைன்ல போவலாம். எந்தத் திசையில அதிர்ந்துட்டு வருதோ அதப் பொறுத்து ஒரு லைன்ல கொஞ்சம் வேகம், இன்னொண்ணுல கொஞ்சம் மெதுவு. பேசின் பிரிட்ஜ்ல பாயிண்ட்ஸ் மாத்தி ரயில அந்த லைன்லேர்ந்து இந்த லைனுக்கு விடறாங்கல்ல, அந்த வேலையதான் சத்தம் செய்யுது. ஆனா ஒரே எடத்துல மாத்தி விடறதில்ல, போற வழி நெடுக ஒவ்வொரு வரியும் கொஞ்சூண்டு கொஞ்சூண்டா தள்ளி விடுது.

இத அந்தப் பொண்ணுக்கு இப்படிச் சொன்னேன். நான் சின்னப் பையனா இருந்தப்ப திருவொத்தியூர் குப்பத்துல கரைவலை இழுக்கறத பாக்கப் போவோம். இருவது முப்பது பேரு கயத்தப் புடிச்சு "ஏலேலோ"ன்னு ஒருத்தரு சொல்ல மத்தவங்க "ஐலசா"ன்னு சொல்லி சேந்தாப்புல ஒரு இழு. எல்லாரும் ஒரே தாளத்துல இழுத்தா வலை கரைக்கு வரும், ஆளாளுக்கு ஒரு நேரத்துல இழுத்தா வேர்வைதான் மிச்சம், வலை அங்கேயே கெடக்கும். கல்லுக்குள்ள இருக்கற வரிங்கதான் அந்த ஆளுங்க. ஒவ்வொரு வரியும் தள்ளி விடற கொஞ்சூண்டு வெளிச்சம் முன்னாடி தள்ளினதோட தாளம் சேந்து வந்தா கூடிக்கிட்டே போவும், கடைசியில அந்தக் கலர் மொத்தமா அடுத்த லைனுக்கு வந்துடும். தாளம் தப்புன கலருக்கு ஒண்ண ஒண்ணு அடிச்சிக்கிட்டு ஒண்ணுமே நகராது. ஒரு ஃப்ரீக்வென்சிக்கு ஒரு கலருக்குத்தான் தாளம் சேரும், அதுக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணு ரெண்டு நானோமீட்டர் தள்ளிப் போனாலே படுத்துடும். செவப்புக்கு கொறச்ச ஃப்ரீக்வென்சி, நீலத்துக்கு அதிகம். "அப்போ ப்ளூவுக்கு பாட்டு இருக்குல்ல தாத்தா"ன்னு அது கேட்டுச்சு, இருக்குமா, ஆனா யாரு காதுலயும் விழாதுன்னேன்.

லைன் மாறுன வெளிச்சம் கல்ல விட்டு வெளிய வர்றப்ப சில டிகிரி கோணம் விலகி வரும், அதிர்ற திசையும் குறுக்கால திரும்பியிருக்கும், அத மட்டும் மைக்ராஸ்கோப்புக்குள்ள அனுப்பிடுவாங்க. மாறாத மிச்சமெல்லாம் நேரா போய் ஒரு கறுப்புக் கட்டையில முட்டி அடங்கிடும்.

இதுல நான் ரசிக்கிறது வேகத்த. ஃப்ரீக்வென்சிய மாத்துனா புது சத்தம் லேசர் கத்தைய குறுக்கால தாண்டுனா போதும், கலர் மாறிடும். கத்தை 3 மில்லிமீட்டர்னு வச்சுக்கங்க, 616ஆல வகுத்தா 5 மைக்ரோசெகண்டு. ஃபில்டர் வீல் ஒரு தடவ டக்குன்னு சொல்றதுக்குள்ள இது ஆயிரக்கணக்குல மாறிட்டு வந்துடும். பவரக் கூட்டிக் கொறச்சா வெளிச்சமும் கூடிக் கொறையும். ரெண்டு ஃப்ரீக்வென்சிய சேத்துக் குடுத்தா ரெண்டு கலர் ஒண்ணா வரும், எட்டு வரைக்கும் குடுக்கற டிரைவர் பொட்டி இருக்கு. கன்ஃபோகல்ல லேசர் புள்ளி வரிவரியா ஓடும், ஒரு வரி முடிஞ்சு திரும்பி வர்ற நேரத்துல வெளிச்சம் வேணாம், வீணா செல்லு வெந்துடும், சாயமும் வெளுத்துடும், அந்தத் துளி நேரத்துலயும் இது அணைச்சிட்டு மறுபடி போடும். செல்லுல ஒரு மூலைய மட்டும் வட்டம் போட்டு அங்க மட்டும் வெளிச்சத்த ஏத்துன்னா அதையும் செய்யும். மோட்டார் இல்ல, பல்சக்கரம் இல்ல, அசையற பாகமே ஒண்ணும் இல்ல, கல்லு உள்ளுக்குள்ள அசையறத தவிர.

ஆனா குத்தமே இல்லாத சாமான்னு எழுதிட்டீங்க பாருங்க, அங்கதான் எனக்குப் பழைய காயம் வலிச்சிடுச்சு. ஒரு லேப்ல, எங்கன்னு சொல்ல வேணாம், பழைய ஆர்கான் லேசர் போட்ட கன்ஃபோகல். அது ஒரே ட்யூப்லேர்ந்து 458, 476, 488, 514ன்னு பல கலரு ஒண்ணா விடும், இந்த டப்பாதான் வேணுங்கறத பிரிச்சுக் குடுக்கும். காலையில படம் மங்கலா வருது, மத்தியானம் சரியாயிடுதுன்னு கம்ப்ளைண்ட். நான் போய் பாத்தேன், பவர் மீட்டர்ல 488 பாதிதான் இருந்துச்சு, ட்யூபு வயசாயிடுச்சு மாத்தணும்னு எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன். ட்யூபு லட்சக்கணக்குல காசு. அவங்க எங்கெங்கயோ கெஞ்சி காசு தேத்தி மாத்துனாங்க. ரெண்டு வாரத்துல திரும்ப ஃபோன், அதே காலை, அதே மங்கல்.

ரெண்டாவது தடவ காலையில எட்டு மணிக்கே போய் உக்காந்தேன். ராத்திரி கரண்டு மிச்சம் புடிக்க ஏசிய அணைச்சிடறாங்க, காலையில வந்து போடறாங்க, ரூம் வேர்த்து விறுவிறுத்துக் கெடக்கு, கூடவே லேசர் ஃபேன் சூட்ட வேற கக்குது. கல்லோட சூடு மாறுனா அதுக்குள்ள சத்தத்தோட வேகம் மாறும், வேகம் மாறுனா வரிக்கு வரி தூரம் மாறும், 488க்குன்னு எழுதி வச்ச ஃப்ரீக்வென்சி இப்போ 488க்கு தாளம் சேராது. டிரைவரத் தொறந்து 0.01 மெகாஹெர்ட்ஸ் 0.01 மெகாஹெர்ட்ஸா நகத்துனேன், மீட்டர் முள்ளு மெல்ல ஏறுது, ஏறுது, உச்சிக்கு வந்து நிக்குது, ட்யூபு நல்லாத்தான் இருக்கு. பழைய ட்யூபும் நல்லாத்தான் இருந்திருக்கும். அங்க இருந்த மேடம் ஒண்ணும் சொல்லல, டீ சொல்லட்டுமான்னு மட்டும் கேட்டாங்க, அதுக்குத் திட்டியிருக்கலாம். அதுலேர்ந்து எங்க போனாலும் மிஷின ஆன் பண்ணி அர மணி நேரம் சும்மா விடுங்க, ரூம் சூடு ஒரே மாதிரி இருக்கட்டும்னு ஒரு பேப்பர்ல எழுதி ஒட்டிட்டுத்தான் வருவேன்.

அடுத்தது, இத முழுசா வெளிநாட்டுக்காரன் கண்டுபிடிப்புன்னு எழுதியிருந்தீங்க. அது சரியில்ல, ஆனா வாட்ஸ்அப்ல சுத்தற மாதிரி எல்லாம் நம்ம ராமன்தான்னு சொல்றதும் சரியில்ல. சத்தம் வெளிச்சத்த சிதறடிக்கும்னு 1922ல பிரில்லுவான்னு பிரெஞ்சுக்காரர் கணக்குல சொன்னாரு. 1932ல அமெரிக்காவுல டிபை, சியர்ஸ், ஃபிரான்ஸ்ல லூக்கா, பிக்கார்னு ரெண்டு கூட்டம் தனித்தனியா செஞ்சே காமிச்சாங்க. ஆனா வெளிச்சம் ஏன் ஒரே பக்கம் திரும்பாம ரெண்டு பக்கமும் பல கோடா பிரியுது, எந்தக் கோடு எவ்வளவு வெளிச்சம்னு அவங்க கணக்கு சொல்லல. 1935, 36ல பெங்களூர்ல சர் சி.வி. ராமனும் அவர்கிட்ட இருந்த நாகேந்திரநாத்தும் அடுத்தடுத்து அஞ்சு பேப்பர் போட்டு அத தீத்து வச்சாங்க. வெளிச்சம் தாண்டிப் போற சத்தப் பட்டை மெல்லிசா இருந்தா பல கோடா பிரியறதுக்கு இன்னைக்கும் உலகம் முழுக்க ராமன்-நாத்னுதான் பேரு. இந்த டப்பா அந்த வகை இல்ல, தடிமனான சத்தப் பட்டையில ஒரே கோடா வர்ற, பிராக்னு பேரு வச்ச வகை, ஆனா ரெண்டையும் பிரிச்சுப் புரிஞ்சுக்கறதே அந்தக் கணக்குலேர்ந்துதான் ஆரம்பம். ஃபில்டராவே பண்ணலாம்னு 1969ல ஹாரிஸ், வாலஸ்னு ரெண்டு பேரு எழுதுனாங்க, இப்போ இருக்கற இந்த டெல்லூரியம் கல்லு டிசைன் 1974ல சாங்குங்கறவரோடது.

நம்ம பிரசிடென்சி காலேஜ்ல 1904ல பிஏ, 1907ல எம்ஏ முடிச்ச மனுஷன் ராமன். பாரிமுனையிலேர்ந்து கடற்கரை ரோட்டுல பஸ் ஏறுனா கொஞ்ச நேரத்துல அந்தக் கட்டடம் வந்துடும். மிருதங்கத்தோட நாதம் ஏன் மத்த கொட்டு மாதிரி இல்லாம சுருதியா வருதுன்னு ஆராய்ச்சி பண்ணதும் அவருதான். சத்தத்தையும் வெளிச்சத்தையும் ஒண்ணா வச்சு யோசிக்க அவரவிட ஆளு யாரு இருக்க முடியும், அவரு பேரு ஒரு வரி கூட உங்க அரைப்பக்கத்துல இல்லன்னுதான் எனக்கு வருத்தம்.

கடைசியா ஒண்ணு. இந்த ஃபில்டர் வந்துட்டா ஆரம்ப சுகாதார நிலையத்துலயே டிபிய கண்டுபிடிச்சிடலாம்னு முடிச்சிருக்கீங்க. டிபி நம்ம ஏரியாவுக்கு விளையாட்டு இல்ல, அதனால சொல்றேன். சளியில ஆரமைன் சாயம் போட்டு நீல எல்இடி வெளிச்சத்துல பாத்தா கிருமி மஞ்சப்பச்சையா மின்னும், அதுக்கு ஒரு எல்இடியும் ஒரு ஜோடி கண்ணாடி ஃபில்டரும் போதும், அந்த மைக்ராஸ்கோப் ஏற்கெனவே பொழக்கத்துல இருக்கு. ஒரே கலர் வேணுங்கற எடத்துல கலர் பொறுக்கற மிஷின் எதுக்கு, ஒத்த மீனுக்கு ஏலக்காரர கூப்பிடற மாதிரி. ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் இருந்தா எந்த மிஷினுக்கும் காத்திருக்காம சளிய குடுங்கன்னு அந்த எடத்துல போட்டிருந்தீங்கன்னா அது நாலு பேருக்கு உதவியிருக்கும்.

வர்ற ஞாயித்துக்கிழமை சின்னதா ஒரு திருத்தம் போடுங்க சார், ஸ்பீக்கர் படத்த எடுத்துட்டு கல்லு படம் ஒண்ணு போட்டா இன்னும் நல்லது. அந்தப் பொண்ணு நோட்டுல ஒட்டுனத கிழிக்க மாட்டேங்குது, இப்போதைக்கு ஸ்பீக்கர் மேல பென்சில்ல ஒரு பெருக்கல் குறி போட்டு பக்கத்துல "616 மீ"ன்னு எழுதி வச்சிருக்கு.

இப்படிக்கு,
உங்க பேப்பர தினம் படிக்கிற ஒரு ரிட்டயர்டு மெக்கானிக்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை